சென்ற் லூயிஸ் நகரிற் பொஸ்னியர்

1992–1995 பொஸ்னியப் போரினால் அகதிகளான பல்லாயிரவர், பெரும்பாலும் முஸ்லிம்கள், அமெரிக்காவின் சென்ற் லூயிஸ் நகரிற் குடியேறினர். அதனை அந்நகரின் பெருந்தன்மையாக மட்டும் விளக்குதல் பொருந்தாது. 1950இல் 856,796 ஆகவிருந்த அதன் குடிசனத்தொகை 2000இல் 348,189 ஆயிற்று. ஆலைகள் மூடப்பட்டும் வெள்ளையர் புறநகர்களுக்குப் பெயர்ந்தும் வீடுகள் வெறுமையாயின. முன்னர் ஜேர்மானியர் வாழ்ந்த பெவோ மில் பகுதியில் அவ்வீடுகளைப் புதுப்பித்தும் வெதுப்பகங்களும் கோப்பிக்கடைகளும் திறந்தும் பொஸ்னியர் வேரூன்றினர். நகரை மீட்டவர்களென அவர்கள் போற்றப்படுகின்றனர். மெய்தான், எனினும் இப்போற்றுதல் ஒன்றை மறைக்கின்றது. கறுப்பினத்தவருக்கு வீடு விற்பதைத் தடுத்த உடன்படிக்கைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றலாகாதென அமெரிக்க உயர் நீதிமன்றம் 1948இல் தீர்ப்பளித்த வழக்கு இந்நகரிலேயே எழுந்தது. யூகோசிலாவியாவின் 1971ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் ‘முஸ்லிம்’ எனுந் தேசிய இனமாகக் கணிக்கப்பட்டோர் இங்கு வெள்ளையராக எண்ணப்பட்டனர். கறுப்பினத் தொழிலாளருக்கு நெடுங்காலம் அடைக்கப்பட்டிருந்த வீதிகள் அவர்களுக்குத் திறந்திருந்தன.