தாத்தாவின் சவரப் பெட்டி



சரித்திரம் என்றால் ராஜாக்களும் சண்டைகளும்தான் என்று நாம் நினைத்துக் கொள்கிறோம். ஆனால் சரித்திரம் நம் வீட்டுத் தகரப் பெட்டிக்குள்ளும் படுத்திருக்கும். பழைய பத்திரங்களுக்கு அடியில், உள்ளங்கையில் அடங்கும் ஓர் உலோகப் பெட்டி இருக்கிறதா, பாருங்கள். "தொடாதேடா, கையை வெட்டிடும், அது தாத்தா சவரம் பண்ணினது" என்று பாட்டி அதட்டியிருப்பார். அந்தப் பெட்டிக்கு ஒரு கதை உண்டு.

முன்பெல்லாம் சவரம் என்றால் நீளமான சவரக் கத்திதான். அதைத் தீட்டவும் பிடிக்கவும் பழகிய கை வேண்டும். கொஞ்சம் தவறினால் ரத்தம்தான்! 1880இல் நியூயார்க்கில் காம்ஃப் சகோதரர்கள் கத்திக்கு முன்னால் ஒரு காப்பு வைத்து, 'சேஃப்டி ரேசர்' என்ற பாதுகாப்பான கருவிக்கு உரிமை வாங்கினார்கள். அதிலும் கத்தியை அடிக்கடி தீட்டத்தான் வேண்டியிருந்தது.

தீட்டுவானேன், மழுங்கினால் தூக்கிப் போடும்படி மெல்லிய தகடு செய்தால் என்ன? 1895இல் இந்த யோசனை கிங் கேம்ப் ஜில்லெட் என்ற அமெரிக்க விற்பனையாளருக்குத் தோன்றியது. அவ்வளவு மெல்லிய எஃகைக் கூராக்க முடியாது என்று தொழில் தெரிந்தவர்களே கைவிரித்தார்கள். நிக்கர்சன் என்ற பொறியியலாளர் அதற்கு வழி கண்டார். 1903ஆம் ஆண்டு முழுவதும் விற்றது 51 ரேசர்கள்தான். மறு ஆண்டிலோ 90,000க்கும் மேல்! முதல் உலகப் போரின்போது, 1918இல், அமெரிக்க அரசு தன் சிப்பாய்களுக்காக 35 லட்சம் ரேசர்கள் வாங்கியது. ஊர் திரும்பியவர்கள் தாங்களே சவரம் செய்துகொள்ளப் பழகிவிட்டார்கள்.

நம் ஜொகூரில் 1909இல் கிம்மாஸ் முதல் ஜொகூர் பாரு வரை ரயில் பாதை முடிந்தது. 1924இல் சிங்கப்பூரோடு சேர்க்கும் கடற்பாலம் திறக்கப்பட்டது. சிங்கப்பூரில் கப்பலிலிருந்து இறங்கிய சாமான்கள் குளுவாங், லாபிஸ், சிகாமட் வரை தரை வழியாகவே வர வழி பிறந்தது.

சரி, உங்கள் வீட்டுப் பெட்டியின் வயதை எப்படித் தெரிந்துகொள்வது? முதலில் பெரியவர்கள் திறந்து, உள்ளே பிளேடு இருந்தால் எடுத்துவிடுங்கள். பிள்ளைகள் அதுவரை கை வைக்க வேண்டாம்.

ரேசரின் தலைப் பகுதியிலும் பிடியிலும் பொறித்த எழுத்தைப் படியுங்கள். '1904 நவம்பர் 15' என்று இருந்தால் ஏமாந்து போகாதீர்கள். அது ஜில்லெட்டுக்கு உரிமை கிடைத்த நாள். பின்னால் பல ஆண்டுகள் செய்த ரேசர்களிலும் அதே தேதியைத்தான் பொறித்தார்கள். 'இங்கிலாந்தில் செய்யப்பட்டது' என்று ஆங்கிலத்தில் இருந்தால், லண்டனுக்கு அருகே ஐல்வொர்த்தில் 1937இல் திறந்த ஜில்லெட் தொழிற்சாலையின் சரக்காகவும் இருக்கலாம். பிடியின் அடியைத் திருகினால் தலை இரு கதவுபோலத் திறக்கிறதா? ஜில்லெட்டில் அந்த அமைப்பு 1934இல் வந்தது. 1950களிலிருந்து அமெரிக்காவில் செய்த பல ஜில்லெட் ரேசர்களில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். 'எஃப் 4' என்றால் 1960ஆம் ஆண்டின் கடைசி மூன்று மாதங்கள்.

பெட்டியும் சாட்சி சொல்லும். நிக்கல் பூச்சு, வெள்ளிப் பூச்சு, தங்க நிறப் பூச்சு என்று பல வகை உண்டு. கனமான நீள்சதுரப் பெட்டியாக இருந்து, ஒரு மூடிக்குள் சாணைக்கல்லும் மறு மூடிக்குள் தோல்வாரும் இருந்தால் அது லண்டனில் செய்த ரோல்ஸ் ரேசர். பிளேடு வாங்கவே வேண்டாம். பெட்டிக்குள்ளேயே கத்தியைத் தீட்டிக்கொள்ளலாம். அந்த நிறுவனம் 1964இல் நொடித்துப் போனது.

ஒரு எச்சரிக்கை. பித்தளைக் குடத்துக்குச் செய்வதுபோல் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்! பூச்சு போய்விடும், எழுத்தும் அழிந்துவிடும். சோப்புத் தண்ணீரில் மெதுவான பிரஷ்ஷால் கழுவி, ஈரம் போகத் துடைத்து வைத்தால் போதும்.

1942 ஜனவரி 31ஆம் தேதி ஜொகூர் பாரு ஜப்பானியர் கைக்குப் போனது. மேல்நாட்டுச் சாமான்கள் வருவது நின்றது. "ஒரே பிளேடை கண்ணாடித் தம்ளருக்குள்ளே தேய்ச்சுத் தேய்ச்சு மாசக்கணக்குல ஓட்டினோம்" என்று என் தாத்தா சொல்வார். லயத்து விளக்கொளியில் அந்தத் தம்ளரின் கீச்சுச் சத்தம் கேட்குமாம். கேட்கும்போது எங்களுக்குச் சிரிப்பு வரும். அதுதான் சரித்திரம் என்று அப்போது புரியவில்லை.

ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்து, நாங்கள் லயத்தை விட்டுப் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்தபோது, பழைய சாமான் வாங்க வந்தவரிடம் அந்தப் பெட்டியையும் சேர்த்து எடைக்குப் போட்டது நான்தான். கிடைத்த சில்லறை அன்றே செலவாகிவிட்டது. அது எந்த ஆண்டு ரேசர், எங்கே செய்தது என்று இன்று என் பிள்ளைகள் கேட்கிறார்கள். என்னிடம் பதில் இல்லை.

ஆகவே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ரேசரில் உள்ள எழுத்து எந்த நாடு, எந்த ஆண்டு என்று சொல்லும். ஆனால் அதைப் பிடித்த கை யாருடையது என்று சொல்லாது. அதிகாலையில் பெரட்டுக்குப் போய், பால் வெட்டி, நம்மைப் படிக்க வைத்தவரின் பெயர் எந்தத் தொழிற்சாலை முத்திரையிலும் இல்லை. மாணவச் செல்வங்களே! இன்று வீட்டுக்குப் போனதும் பாட்டியிடம் கேளுங்கள். தாத்தாவின் பெயர், அவர் வேலை செய்த தோட்டம், இந்தப் பெட்டி எப்படிக் கைக்கு வந்தது என்பதை ஒரு துண்டுத் தாளில் எழுதி, மடித்து, அந்தப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள்.

ஜில்லெட்டின் பெயரை உலகம் ஞாபகம் வைத்துக்கொண்டது. நம் தாத்தாவின் பெயரை நாம்தான் ஞாபகம் வைக்க வேண்டும்.