பெருநாழிக் கல்லும் சூளகிரிக் கல்லும்

எங்க திருமுருகன்பூண்டியில கல்லுக்குப் பஞ்சமே இல்லை. ரோட்டோரம் சிற்பப் பட்டறைகள், நாள் முழுக்க உளிச் சத்தம். ஆனா அந்தக் கருங்கல்லை விட வயசில் மூத்த கற்கள் தமிழ்நாட்டில் வானத்திலிருந்து விழுந்திருக்கின்றன.

1857 பிப்ரவரி 28. சிப்பாய்க் கலகம் வெடிக்க இன்னும் இரண்டு மாசம் இருந்தது. அன்னிக்கு மதுரைச் சீமையில் இரண்டு கற்கள் விழுந்தன, மொத்தம் 77 கிலோவுக்கு மேல். விண்கல் பட்டியலில் பேரு 'பர்னல்லீ'. கமுதிப் பக்கத்துப் பெருநாழியை வெள்ளைக்காரன் கடித்துத் துப்பினது அப்படி :-) பெரிய கல் லண்டன் மியூசியத்துக்குப் போயிடுச்சு.

வகை எல்.எல்.3.6. எல்.எல். என்றால் இரும்பு குறைவு. ஆலிவின், பைராக்சீன்தான் பெரும்பகுதி. 3 என்பது அதிகம் சூடுபடாததற்கு அடையாளம். சுமார் 456 கோடி வருஷம் முன்னால் உருகி உறைந்த குட்டி உருண்டைகள் (காண்ட்ரூல்) கலையாமல் அப்படியே இருக்கு. நம்ம கருங்கல்லில் குவார்ட்ஸ் தாராளம். இந்த மாதிரி விண்கல்லில் சிலிக்கா தனியாகக் கிடைப்பதே அபூர்வம். பெருநாழிக் கல்லில் கிறிஸ்டோபலைட் என்ற சிலிக்காவே இருக்கு! சேகரிக்கிறவர்களுக்கு இதன் ஒரு சில்லு கூடப் பொக்கிஷம்தான்.

2008 செப்டம்பர் 12-ல் ஓசூர் பக்கம் சூளகிரியில் விழுந்தது சுமார் 110 கிலோ. அதுவும் எல்.எல்., ஆனா 6. சரக்கு ஒண்ணுதான், வெந்த பக்குவம் வேற. தாய்க்கோளுக்குள் நல்லா சூடேறி, உருண்டைகளின் ஓரமெல்லாம் குழைந்த சோறு மாதிரி கரைஞ்சுடுச்சு.

இந்தியாவில் விழுகிற விண்கல் ஜி.எஸ்.ஐ. பொறுப்பு. பெருநாழிக்கும் அப்படி ஒரு ஏற்பாடு இருந்திருந்தால், இரண்டையும் இங்கேயே பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கலாம்.