காடு: தொல்விலங்கு உருவமைப்பு

காடு, சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அதிபர் டி. ஆர். சுந்தரமும் அமெரிக்க டைரக்டர் வில்லியம் பெர்க்கும் கூடி 1952-இல் வெளியிட்ட திரைப்படம். ஆங்கிலத்தில் ‘தி ஜங்கிள்’. சரித்திரத்திற்கு முற்பட்ட பிராணிகளைத் தமிழ்நாட்டு ஸ்டூடியோ ஒன்று திரையில் உலவவிட்ட அபூர்வ முயற்சி இது.

பொம்மையை இம்மி இம்மியாக நகர்த்திப் படமெடுத்த ‘கிங் காங்’ (1933) முறையையோ, பின்னர் ‘காட்ஜில்லா’ (1954) கைக்கொண்ட, மனிதனே ரப்பர் உடைக்குள் புகுந்து நடிக்கும் முறையையோ சாராமல், இதனைச் சமைத்தோர் நிஜ யானைகளுக்கே சடைமயிர் போர்த்தி மாமத்துகளாக்கினர். ஹாலிவுட்டில் 1940-ஆம் ஆண்டுப் படமான ‘ஒன் மில்லியன் பி.சி.’ ஏற்கெனவே காட்டிய வழியே இது. அதில் பல்லிகளும் டைனோசார்களாக வேஷமிட்டன.

மலேசிய மலையூரான தானா ராத்தாவின் தேயிலைச் சரிவுகளில் வீசும் குளிரையும் வெப்பமென்றே எண்ணத்தக்க பனிப்பிரதேசத்தில் வாழ்ந்த மாமத்துக்கு, உடற்சூட்டைக் காக்கும்பொருட்டு மிகச் சிறிய காதுகளும், குட்டையான வாலும், தோளில் உயர்ந்து பின்னே சரியும் முதுகும் அமைந்திருந்தன. நம் யானையின் அகன்ற காதையும் மேல்வளைந்த முதுகையும் எந்தப் போர்வையாலும் மாற்றவியலாது. ஆயினும், துதிக்கையின் இயல்பான அசைவும், பாரமான பாதம் மண்ணில் அழுந்தும் நிஜமும் அக்காலத்துப் பொம்மைகளுக்கு எட்டாதவையாகையால், உயிருள்ள யானையைத் தேர்ந்தது விவேகமான முடிவேயாகும்.