செல்வி என்ற பெயர் போய்வந்த வழி

ஓர் அலுவலகத்தின் இணையப் படிவத்தை நிரப்ப அம்மாவோடு உட்கார்ந்தேன். முதல் கட்டத்தில் ஒற்றை விரலால் ‘செல்வி’ என்று தட்டினார்.

நம் கண்ணுக்கு மூன்றே எழுத்து. யூனிகோடுக்கு ஆறு: ச, ஒற்றைக்கொம்பு, ல, புள்ளி, வ, இகரக் குறி. யூடிஎஃப்-8இல் ஒவ்வொன்றும் மூன்று பைட். சப்மிட் அழுத்தியதும் பிரவுசர் ஒவ்வொரு பைட்டையும் ஒரு சதவீதக் குறி, அதன் பின்னால் இரண்டு குறிகள் என்று மாற்றிக் கட்டுகிறது. அம்மாவின் பெயர் 54 குறிகளாக நீண்டு கிளம்புகிறது.

கிளம்ப ஒரு நிபந்தனை உண்டு. எச்டிஎம்எல்லில் அந்தக் கட்டத்துக்கு ‘நேம்’ என்ற பண்பு கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பெயர் வாசல்படி தாண்டாது, எர்ரரும் காட்டாது. வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் இங்கேதான் அரை நாளைத் தொலைப்பார்கள். “ஐடி கொடுத்திருக்கேனே!” என்பார்கள். ஐடி பக்கத்துக்குள் செல்லும். சர்வருக்குப் போக நேம்தான் வேண்டும்.

வழியிலேயே பெயர் சிதைந்த காலமும் இருந்தது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் சில சமயம் படிவத்தை வேறு குறியாக்கத்தில் அனுப்பிவிடும். 2010இல், இணையச் செயலிகள் கட்ட உதவும் ரெயில்ஸ் சட்டகத்தின் 3ஆம் பதிப்பு உருவானபோது, படிவத்துக்குள் மறைவாக ஒரு பனிமனிதன் குறியை வைத்தார்கள். பிறகு அது ‘சரி’ குறியாக மாறியது. பழைய குறியாக்கத்தில் இல்லாத குறி என்பதால் பிரவுசர் யூடிஎஃப்-8க்கு வந்தே தீரும். கூடப் போகும் பெயர்களும் பிழைத்தன. அந்தப் பனிமனிதன் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

சர்வரில் மூட்டை அவிழ்கிறது. கோரிக்கையை வாங்கிக் கவனிக்கும் கண்ட்ரோலர் கையில் மறுபடி ‘செல்வி’. கணினி அறிஞர் டிரிக்வே ரீன்ஸ்காக் 1979இல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் தரவுக்கு மாடல், திரைக்கு வியூ, உள்ளீட்டுக்குக் கண்ட்ரோலர் என்று வேலையைப் பிரித்தபோது மூன்றும் ஒரே கணினிக்குள் பேசிக்கொண்டன. இணையத்திலோ வியூ வரைந்த பக்கம் அம்மாவின் கைபேசியில் இருக்கிறது, கண்ட்ரோலர் எங்கோ இருக்கிறது. நடுவே ஓடும் எச்டிடிபிக்கு முந்தைய கோரிக்கை நினைவிருக்காது.

அம்மா பின்கோடில் ஓர் இலக்கத்தை விட்டிருந்தார். கண்ட்ரோலர் ஏற்காததில் தப்பில்லை. ஆனால் அடுத்து எழுதும் ஒரே ஒரு வரியில்தான் எல்லாம் இருக்கிறது. வந்த விவரங்களைக் கையில் வைத்துக்கொண்டே அதே வியூவை ரெண்டர் செய்தால், ‘செல்வி’ தன் கட்டத்துக்கே திரும்பி வந்து உட்காரும். வெறுமனே ரீடைரக்ட் செய்தால் அது புதுக் கோரிக்கை. எடுத்து வைக்காத பெயர் அங்கேயே போய்விடும். சேமித்து முடிந்த பிறகு ரீடைரக்ட் சரி, ரிஃப்ரெஷ் செய்தால் இரண்டாம் முறை பதிவாகாது. பிழை வந்த இடத்தில் அதைச் செய்வது, தட்டிய விரலின் உழைப்பைத் தூக்கி எறிவது.

இருபது கட்டமும் வெள்ளையாகத் திரும்பி வந்தன. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் துடைத்துப் போட்டுக்கொண்டு, ‘செ’யைத் தேடத் தொடங்கினார்.