துறைமுக அலுவலகத்திற்கு ஒரு மனு

வேலை வேண்டி மனு எழுதாத குடும்பம் நம்மிடையே இல்லை. பிழைப்பை நாடி வடக்கே வந்த தமிழருள் பலரை இங்குக் கொண்டுவந்து சேர்த்தவை ஒரு முழுத்தாள் மனுவும் தட்டெழுத்துத் தேர்வுச் சான்றிதழுமே. "இப்பணியை ஏன் விரும்புகிறீர்?" என்ற வினாவுக்கு அம்மனுவில் நாம் தரும் விடை பெரும்பாலும் பாதி உண்மையாகவே அமைகிறது. நம்மால் அலுவலகத்திற்கு என்ன பயன் என்பதை விரித்து எழுதுகிறோம். நமக்கு அப்பணி ஏன் வேண்டும் என்பதை எழுதாது விடுகிறோம்.

கேட்டுப் பெறுவதற்கும் ஒரு முறை உண்டு என்று கண்டவர் நம் முன்னோர். பரிசில் நாடிச் சென்ற பெருஞ்சித்திரனாருக்கு அதியமான் நெடுமான் அஞ்சி நேரில் காணாமலே பொருளை அனுப்பி வைத்தான். புலவர் அதனை ஏற்க மறுத்தார். தம் தகுதியை அறிந்து அளிப்பது மிகச் சிறிதாயினும் அதுவே தமக்கு இனியது என்றார். அச்செய்தியைப் புறநானூற்றில் காண்கிறோம். வறுமை அவரைக் கேட்க வைத்தது. ஆயினும் அறியப்படாமல் பெறுவதை அவர் உள்ளம் ஒப்பவில்லை. இவ்வுள்ளப் பாங்கை நமக்கு அண்மைக் காலத்திலும் ஒருவரிடம் காணலாம். அவர் கணித மேதை சீனிவாச இராமானுஜன்.

வேலை தேடிய நாட்கள்

1887 ஆம் ஆண்டு ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜன், கணிதம் ஒன்றிலேயே மூழ்கிப் பிற பாடங்களைக் கைவிட்டமையால் எஃப்.ஏ. தேர்வில் வெற்றி பெறவில்லை. 1909 இல் திருமணம் நிகழ்ந்தது. வேலை தேடும் கடமையும் உடன் வந்தது. 1910 இல் திருக்கோவிலூரில் துணை ஆட்சியராக இருந்த வி. இராமசாமி ஐயரிடம் சென்று, ஓர் எழுத்தர் வேலை வேண்டினார். இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவியவர் அவர். இளைஞர் காட்டிய குறிப்பேடுகளைப் புரட்டிப் பார்த்தார். வருவாய்த் துறையின் அடிப்படியில் ஒரு பணியைத் தந்து இத்தகைய அறிவை முடக்க அவர் மனம் இடந்தரவில்லை. வேலைக்கு மாறாகச் சென்னை அறிஞர்களுக்கு அறிமுகக் கடிதம் தந்து அனுப்பினார்.

பின்னர் நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் அளித்து ஆதரித்தார். உழைப்பின்றிக் கிடைத்த அப்பொருளில் நெடுநாள் வாழ இராமானுஜன் விரும்பவில்லை. 1912 இன் தொடக்கத்தில் சென்னைக் கணக்குத் தலைவர் அலுவலகத்தில் மாதம் 20 ரூபாய்க்குச் சில வாரங்கள் தற்காலிகமாகப் பணி செய்தார். அவ்வாண்டு பிப்ரவரி 9 ஆம் நாள் சென்னைத் துறைமுகக் கழகத்திற்கு அம்மனுவை எழுதினார்.

மனுவின் இயல்பு

அஃது ஆங்கிலத்தில் அமைந்த சில வரிக் கடிதமே. அலுவலகத்தில் எழுத்தர் பணியிடம் ஒன்று காலியாக இருப்பதாக அறிந்ததைக் கூறுகிறார். மெட்ரிகுலேஷன் தேறியதையும், எஃப்.ஏ. வரை படித்ததையும், இடையூறுகளால் படிப்பைத் தொடர இயலாமற் போனதையும் கூறுகிறார். பணியைச் செவ்வனே செய்ய முடியும் என்ற உறுதியைத் தெரிவித்து வேண்டுகோளுடன் முடிக்கிறார். எக்காலத்து எழுத்தரும் எழுதக்கூடிய மனுதான் இது. எனினும் இடையே ஒரு வரி மட்டும் தனித்து நிற்கிறது. தம் காலம் முழுவதையும் கணிதத்தை வளர்ப்பதிலேயே செலவிட்டு வருவதாக அதில் குறிப்பிடுகிறார். எழுத்தர் பணிக்கு அச்செய்தி வேண்டுவதன்று. வேறொன்றில் நாட்டமுடையவர் என்று எண்ணி அலுவலகத்தார் ஒதுக்கிவிடவும் கூடும். ஆயினும் அவர் அதனை மறைக்கவில்லை. தாம் யார் என்பதை மறைத்துப் பெறும் வேலையை அவர் நாடவில்லை என்றே கொள்ளலாம்.

மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்டின் பரிந்துரையும் துணை நின்றது. மார்ச் முதல் நாள், மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் இராமானுஜன் பணியில் அமர்ந்தார். அங்கே உயர் பொறுப்பில் இருந்த நாராயண ஐயர் தாமே கணிதம் வல்லவர். கழகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கோ திறமையைப் போற்றத் தெரிந்தவர். அந்த ஒரு வரியின் பொருளை உணரத்தக்கோர் அவ்வலுவலகத்தில் இருந்தனர் என்பதே இவ்வரலாற்றின் பெருஞ்சிறப்பு.

மறைந்திருந்த விடை

1913 சனவரி 16 ஆம் நாள் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தையும் இராமானுஜன் தம் வேலையைச் சொல்லியே தொடங்கினார்: துறைமுகக் கழகக் கணக்குப் பிரிவில் எழுத்தர், ஆண்டுக்கு 20 பவுன் மட்டுமே ஊதியம். ஹார்டி ஆர்வத்துடன் மறுமொழி எழுதினார். அதற்குப் பிப்ரவரி 27 இல் எழுதிய விடையில்தான் துறைமுக மனுவில் சொல்லாத உண்மை வெளிப்படுகிறது. தாம் அரைப்பட்டினியாளன் என்றும், அறிவைக் காத்துக்கொள்ள முதலில் உணவு வேண்டும் என்றும், ஹார்டியின் ஆதரவுக் கடிதம் உதவித்தொகை பெறத் துணையாகும் என்றும் எழுதினார். வேலை ஏன் வேண்டும் என்ற வினாவுக்கு இதனினும் நேர்மையான விடை இருத்தல் அரிது. தம் தகுதியை அறிந்துகொண்ட ஒருவரிடமே அவர் தம் பசியைச் சொன்னார் என்பது கருதத்தக்கது.

இந்திய வானிலைத் துறையின் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கரும் அவருடைய கணிதத்தைக் கண்டு, சென்னைப் பல்கலைக்கழகத்திற்குப் பரிந்து எழுதினார். மே முதல் நாளிலிருந்து மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தது. 1914 மார்ச் 17 இல் கப்பலேறியவர், 1918 இல் இராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1920 ஏப்ரல் 26 இல் முப்பத்திரண்டே வயதில் மறைந்தார்.

நம் பிள்ளைகள் மனு எழுதும் பருவத்தினர். நம்முள் பலர் மனுக்களைப் பெற்றுக் கோப்பில் சேர்க்கும் பணியினர். பணிக்கு வேண்டாததாயினும் தம்மைப் பற்றிய மெய்யான ஒரு வரியை எழுத இளைஞர் அஞ்ச வேண்டுவதில்லை. அந்த வரியைக் கடந்து செல்லாமல் நின்று படிப்பது மேசைக்கு இப்பால் இருப்போர் கடன். வயதும் மதிப்பெண்ணும் சரிபார்ப்பதோடு நம் வேலை முடிந்துவிடுவதில்லை. துறைமுகக் கழகம் தந்தது மாதம் 30 ரூபாய்தான். ஆனால், தகுதி அறிந்து தந்த 30 ரூபாய் அது.