மடுக் காட்டில் வண்டி நகர்

மன்னார்ப் பெருநிலத்து ஊர்ப்பெயர்களை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்போர்க்கு அந்நிலத்தின் இயல்பு தானே விளங்கும். பெரியமடு, மருதமடு, கட்டுக்கரைக்குளம் என நீரின் பெயரே ஆங்கு இடத்தின் பெயராக நிற்கின்றது. மடு என்பது, ஓடையில் ஓட்டம் நின்ற பின்னரும் வற்றாது தேங்கி நிற்கும் ஆழ்ந்த பள்ளம். மாரி மூன்று திங்களில் முடிந்துவிட, எஞ்சிய நாளெல்லாம் வெயிலில் வறளும் காட்டில், வழிச்செல்வோன் எங்கே இரவு தங்கலாம் என்பதைத் தீர்மானித்தது அரசனுமன்று, அதிகாரியுமன்று, மடுவே தீர்மானித்தது. மாந்தை மேற்குப் பிரிவிலுள்ள பெரியமடு இன்று குளமும் வயலும் கொண்ட ஊர். அதன் அயற்காட்டிலுள்ள மருதமடுவோ, ஆண்டில் சில நாளுக்கு மட்டும் பெருநகராகி, பின்னர் மீண்டும் காடாகும் விந்தையைப் பல தலைமுறையாகக் கண்ட இடம்.

வீட்டை வண்டியில் ஏற்றிச் சென்று காட்டினுள் நிறுத்தி வாழ்தல் அமெரிக்கர் கண்ட புதுமை என்று எண்ணுவோர் உளர். 1872ஆம் ஆண்டு யெலோஸ்டோன் காட்டைத் தேசியப் பூங்காவாக்கி உலகுக்கு வழிகாட்டிய நாடு அது. 1915ஆம் ஆண்டு முதல் அப்பூங்காவினுள் மோட்டார் வண்டிகளும் அனுமதிக்கப்பட்டன. படுக்கையும் அடுப்பும் நீர்த்தொட்டியும் உடைய வண்டிவீடுகள் பிற்காலத்தில் அந்நாட்டுப் பூங்காக்களை நிறைத்தன. மடுக் காட்டின் கதையை அறிந்தோர்க்கு இதில் வியப்பு அதிகம் தோன்றாது. எருது பூட்டிய கூடார வண்டியும் ஒரு வண்டிவீடே.

இக்காட்டிலே மக்கள் முதன்முதல் வந்து தங்கியது இன்பத்தின் பொருட்டன்று. 1658ஆம் ஆண்டு மன்னாரும் யாழ்ப்பாணமும் போர்த்துக்கேயர் கையினின்று ஒல்லாந்தர் கைக்கு மாறின. கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. குருமாருக்குப் புகலிடம் அளித்தோர்க்குக் கொடுந்தண்டனை விதிக்கப்பட்டது. திருத்தல மரபு சொல்வது இது: 1670ஆம் ஆண்டளவில் மாந்தையிலிருந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் இருபது, தம் கோவிலில் வைத்து வணங்கிய தேவமாதாவின் திருச்சொரூபத்தைச் சுமந்துகொண்டு காட்டினுள் ஒதுங்கின. யாழ்ப்பாணத்தினின்று எழுநூறு பேர் வரையில் வன்னிக் காட்டை நோக்கிப் பெயர்ந்தனர். இரு கூட்டத்தாரும் மருதமரங்கள் சூழ்ந்த ஒரு மடுவருகே கூடினர். யாழ்ப்பாணத்துக்கும் கண்டி இராச்சியத்துக்கும் இடைப்பட்ட பாதையில் அவ்விடத்தே சுங்கச் சாவடியொன்று இருந்ததாகவும் அம்மரபு கூறும். எண்ணிக்கையிலும் ஆண்டிலும் ஐயுறுவோர் ஐயுறலாம்; ஆயினும் கரையோரத்திலே ஒல்லாந்தர் கை எட்டியவளவு காட்டினுள் எட்டவில்லை என்பதில் ஐயமில்லை. அவ்வளவே அம்மக்களுக்கு வேண்டியிருந்தது. 1687ஆம் ஆண்டு கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்த யோசேப்பு வாஸ் அடிகளார் தம் பணியை நடத்தியதும் இத்தகைய மறைவிடங்களின் துணைகொண்டே.

ஆங்கிலேயர் காலத்தில் தடை நீங்கிற்று. ஒளிந்துறைந்த இடம் யாத்திரைத் தலமாயிற்று. 1872ஆம் ஆண்டு யாழ்ப்பாண ஆயர் கிறித்தோப்பர் பொன்ஜீன் ஆண்டகை புதிய கோவிலுக்கு அடிக்கல் நாட்டினார். 1924ஆம் ஆண்டு யூலை 2ஆம் நாள் திருச்சொரூபத்துக்கு முடிசூட்டு விழா நிகழ்ந்தது. யூலை 2ஆம் நாளும் ஓகஸ்து 15ஆம் நாளும் பெருந்திருநாள்களாக நிலைத்தன.

திருநாளுக்கு வருவோர் எப்படி வந்தனர் என்பதையே இங்கு விரித்துச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தாரும் மன்னாரரும் வன்னியாரும் மாட்டுவண்டி கட்டி வந்தனர். வண்டியின் மேல் கிடுகாலோ பனையோலையாலோ வேய்ந்த கூடாரம். உள்ளே வைக்கோற் பரப்பு. அவ்வைக்கோல் போகும்போது படுக்கை, தங்கும்போது மாட்டுக்குத் தீனி. அடியிலே தண்ணீர்க்குடமும் லாந்தரும் தொங்கும். அரிசி, கருவாடு, புளி, மிளகாய்த்தூள், பாய், அடுப்புக்கல் யாவும் ஏற்றப்படும். ஆனி, ஆடி வெயிலில் பகற்பயணம் மாட்டுக்கு ஆகாது. ஆதலின் மாலை சாய்ந்த பின்னரே வண்டிகள் புறப்படும். தனிவண்டி கரடிக்கும் யானைக்கும் அஞ்ச வேண்டும். பத்து வண்டி சேர்ந்தால் அவை வண்டிகளுக்கு அஞ்சும். எனவே அயலூரார் ஒருவரையொருவர் காத்திருந்து ஒரே தொடராய்ச் சென்றனர். முன்வண்டிக்காரன் பாதையறிந்தவனாயின், பின்வண்டிக்காரன் உறங்கினாலும் மாடு வழிதவறாது.

மடுவை அடைந்ததும் மாட்டை அவிழ்த்து, நுகத்தடிக்கு முட்டுக்கால் கொடுத்து, வண்டியை மரநிழலில் நிமிர்த்தி நிறுத்துவர். அக்கணமே அது வீடாகிவிடும். கூடாரத்தினுள்ளே பெண்களும் குழந்தைகளும், கீழே முதியோர், வெளியே தீ மூட்டிய இடத்தில் ஆடவர். இரண்டு வண்டிகளுக்கிடையே சேலையொன்றைக் கட்டிவிட்டால் அறை ஒன்று கூடிவிடும். வண்டியில்லாதோர் கிளைகளை வெட்டி நட்டுக் கொட்டில் போட்டனர். பாலைமரங்கள் பழுத்து உதிரும் பருவமும் இதுவே. சிறுவர்க்கு அப்பழத்தினும் பெரிய திருநாள் வேறில்லை. கரடிக்கும் அப்படியே, இரவில் ஒரே மரத்தடிக்கு இருசாராரும் சென்றுவிடாதபடி பார்த்துக்கொள்வது பெரியோர் கடன்.

சாதியும் செல்வமும் ஊரில் வகுத்த கோடுகள் இந்த வண்டி நகரில் அடியோடு அழிந்தன என்று சொல்வது மிகையாகும். ஆயினும் அடுத்த வண்டியில் யார் என்று தெரிந்தெடுக்கும் வசதி காட்டில் இல்லை. நீர்கொழும்பு, சிலாபம் முதலிய பகுதிகளினின்று வந்த சிங்கள யாத்திரிகரும், வழிபாட்டுக்கு வந்த சைவரும் பௌத்தரும் ஒரே நீர்நிலையில் முகந்தனர். நெருப்புக் கேட்பதற்கும் உப்புக் கேட்பதற்கும் மொழி பெரிதாக வேண்டியதில்லை.

குறையும் அங்கேதான் இருந்தது. ஒரே நீர்நிலையில் ஆயிரமாயிரம் பேர் முகந்தால் மடு எத்தனை நாள் தூயதாக நிற்கும்? 19ஆம் நூற்றாண்டில் வாந்திபேதி இப்பக்கத்துக் காட்டுப் பாதைகளின் பேரச்சமாய் இருந்தது. மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி வழியாக மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களை நோக்கி நடந்துசென்ற தமிழ்த் தொழிலாளரும் இவ்வன்னிக் காடுகளினூடேதான் சென்றனர். அவர்களுக்கு வண்டியும் இல்லை, கூடாரமும் இல்லை. வழியோரத்தில் விழுந்தோர் பலர். யாத்திரிகர் கூட்டத்தையும் அந்நோய் விடவில்லை. கிணறு, மருத்துவக் கூடம், மலசல ஒழுங்கு ஆகியவை காட்டுத் தங்கலில் பக்திக்கு அடுத்தபடியான தேவை என்பதை அதிகாரிகளும் குருமாரும் பிணங்களை எண்ணியே கற்றனர்.

1914ஆம் ஆண்டு மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்குப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. மடுவீதி என்னும் நிலையமும் அமைந்தது. தென்னிலங்கை யாத்திரிகருக்கு வழி எளிதாயிற்று. பின்னர் மோட்டார்ப் பேருந்தும் லொறியும் வந்தன. அவற்றின்பின் உழவு இயந்திரம் வந்தது. உழவு இயந்திரத்தின் பெட்டியிலே கிடுகுக்குப் பதில் தார்ப்பாயை வளைத்துக் கட்டி, குடும்பம் முழுவதும் ஏறிவரும் காட்சி, பழைய கூடார வண்டியின் மறுபிறவியே ஆகும்.

வண்டியின் பாரம் கூடியபோது நிலத்தின் துன்பமும் கூடும். இதனை அளந்து கூறியவர் அமெரிக்காவிலே மரநோய் ஆராய்ந்த மெய்னெக்கி என்பவர். கலிபோர்னியாவின் பேருருவ மரங்கள் வண்டி நிறுத்தும் இடங்களில் நலிவதைக் கண்ட அவர், மிதிபட்டும் சக்கரத்தால் அழுந்தியும் இறுகிய மண்ணில் வேர்கள் தளர்வதே காரணமென்றார். கண்ட கண்ட இடத்தில் வண்டி ஏறாதபடி, ஒருவழிப் பாதையும் அதன் ஓரத்தில் குறித்த நிறுத்திடங்களும் அமைக்க வேண்டுமென 1932ஆம் ஆண்டு எழுதினார். இன்று அந்நாட்டுப் பூங்காக்களின் தங்கலிடங்கள் பெரும்பாலும் அந்த அமைப்பிலேயே உள்ளன. மாட்டுவண்டிக் காலத்தில் மடுக் காட்டுக்கு இவ்விதி தேவைப்பட்டிருக்குமோ என்பது ஐயம். சாணம் விட்டுப்போகும் வண்டி வேறு, எண்ணெய் சிந்திப்போகும் வண்டி வேறு.

மடுவீதிக் காடு 1968ஆம் ஆண்டு வனவிலங்குச் சரணாலயமாக்கப்பட்டது. அப்போது அதன் பரப்பு 26,677 ஹெக்டேயர். சரணாலயம் என்னும் சொல் விலங்குகளைக் கருதி எழுதப்பட்டது. இருபத்திரண்டு ஆண்டு கழித்து அச்சொல்லின் பழைய பொருளை மனிதர் நாடி வந்தனர். 1990ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டபோது புகையிரதம் நின்றது; பல்லாயிரம் குடும்பங்கள் மடுக்கோவில் வளவிலும் சுற்றுக்காட்டிலும் வந்து தங்கின. ஐக்கிய நாடுகளின் அகதிகள் நிறுவனம் அங்கே திறந்த நிவாரண நிலையம் ஒன்றை நடத்திற்று. திருநாளுக்குப் பத்து நாள் தங்கி அறிந்தவர்களுக்குப் பத்து ஆண்டு தங்கல் எத்தகையதென்பது அப்போது தெரிந்தது. அதே கிடுகு, அதே மரநிழல், அதே அடுப்புக்கல்; திரும்பிப் போகும் நாள் ஒன்றே இல்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னார்ப் பெருநிலத்து முஸ்லிம் ஊர்களும் வெறுமையாயின. அம்மக்கள் புத்தளத்துக் கரையிலே கிடுகுக் கொட்டில்களில் இருபது ஆண்டு வரையிலும் கழித்தனர். ஓர் இரவுக்கென முடைந்த கூரையின் கீழ் பிள்ளைகள் பிறந்து வளர்ந்து மணமும் முடித்தனர்.

1999ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள் எறிகணைகள் மடுக்கோவில் வளவில் விழுந்து நாற்பது பேரளவில் மாண்டனர். பாதுகாப்பென்று நம்பி ஒதுங்கியோரே அவர்கள். 2008ஆம் ஆண்டு ஏப்ரலில் போர் கோவிலை நெருங்கவே, குருமார் திருச்சொரூபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுசென்றனர். மாந்தையிலிருந்து காட்டுக்கு வந்த சொரூபம் காட்டிலிருந்து மீண்டும் கரைக்குப் போயிற்று. அவ்வாண்டு ஓகஸ்திலே திரும்பி வந்தது.

புகையிரதம் 2013ஆம் ஆண்டு மடுவீதி வரையிலும், 2015ஆம் ஆண்டு தலைமன்னார் வரையிலும் மீண்டும் ஓடிற்று. 2015 சனவரி 14ஆம் நாள் காலை கொழும்பில் யோசேப்பு வாஸ் அடிகளாரைப் புனிதராக உயர்த்திய பாப்பரசர் பிரான்சிசு, அன்று பிற்பகலே மடுவுக்கு வந்தார். அதே ஆண்டு யூன் 22ஆம் நாள் மடுவீதிச் சரணாலயம் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. தெற்கே, 1938ஆம் ஆண்டு முதல் தேசியப் பூங்காவான வில்பத்துக் காட்டிலோ, போரினால் நெடுங்காலம் மூடிக்கிடந்த வாயில் 2010இல் திறக்கப்பட்டது. வில்லுகளின் கரையில் அனுமதிச் சீட்டுப் பெற்றுக் கூடாரமடிப்போர் அங்கே இப்போது வருகின்றனர்.

மடுவில் வேனிலின் நடுவே வண்டிகள் மீண்டும் கூடுகின்றன. தார்ப்பாய்க் கூடாரங்களினிடையே தமிழும் சிங்களமும் ஒலிக்கின்றன. ஓகஸ்துத் திருநாள் முடிந்து கடைசி உழவு இயந்திரமும் புறப்பட்டபின், சாம்பலும் சக்கரத் தடமும் சில கிழமைகள் கிடக்கும். ஐப்பசி மழை விழுந்ததும் மடு நிறையும். அடுப்புக்கல் வைத்த இடத்தில் புல் முளைக்க, மான்கள் அங்கு வந்து மேயும்.