நெதர்லாந்தின் விவிலிய ஓடுகள்

1566-ஆம் ஆண்டில் நெதர்லாந்துப் பகுதிகளில் எழுந்த உருவ எதிர்ப்புக் கிளர்ச்சியில் கிறித்தவக் கோயில்களின் சிலைகளும் ஓவியங்களும் பெருவாரியாக அழிக்கப்பட்டன. பின்னர் அங்கு மேலோங்கிய கால்வினிய நெறி, வழிபாட்டிடத்தில் உருவங்களுக்கு இடந்தரவில்லை. ஆயினும், 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் அந்நாட்டு இல்லங்களின் கணப்படுப்பைச் சூழ்ந்த சுவர்களில், விவிலியக் காட்சிகள் தீட்டிய மெருகோடுகள் மிகுதியாகப் பதிக்கப்பெற்றன. இம்முரண் ஆராயத்தக்கது.

இவ்வோடுகள் ஏறத்தாழ 13 செண்டிமீட்டர் சதுரமானவை. வெண்ணிற வெள்ளீய மெருகின்மேல் நீலத்தாலோ ஊதாவாலோ தீட்டப்பட்டவை. 'டெல்ஃப்ட் ஓடுகள்' என்று பொதுவாக வழங்கப்பெறினும், இவை ராட்டர்டாம், ஆம்ஸ்டர்டாம், யூட்ரெக்ட், ஹார்லிங்கன் முதலிய பிற நகரங்களிலும் பெருந்தொகையாக உருவாயின. வினைஞர் அச்சுப்படங்களைத் தழுவித் தாளில் வரைந்து, கோடுகள்தோறும் ஊசியால் துளையிட்டு, அத்தாளை ஓட்டின்மேல் வைத்துக் கரித்தூளைத் தட்டுவர். துளைவழி வீழ்ந்த தூளே தூரிகைக்கு வழிகாட்டும். படத்தின்கீழ் விவிலிய அதிகார, வசன எண்கள் பொறித்த ஓடுகளும் பல உள.

இவ்வெண்களே மேற்கூறிய முரணுக்கு விடை தருகின்றன. படம் தன்னைக் காண்போரை நூலிடத்துச் செலுத்துகின்றது. 1702-இல் இலண்டனில் பிறந்த சமய அறிஞர் பிலிப் டாட்ரிட்ஜ், எழுத்தறியுமுன்னரே, கணப்படுப்பைச் சூழ்ந்த இத்தகைய டச்சு ஓடுகளைக் காட்டித் தாய் உரைக்க, விவிலிய வரலாற்றைக் கற்றார் என்பர். கோயிலில் வணங்கப்பட்ட உருவம் இல்லத்தில் பாடமாயிற்று. எனவே, அந்நாட்டு உருவ மறுப்பைக் கலை மறுப்பாகக் கொள்ளுதல் பொருந்தாது என்பது போதரும்.